கியூபாவிலிருந்து வந்த மூன்று காலிப் பெட்டிகள்

அன்று தக்கலை குடோனில் இருந்தவர்கள்:

முதலாளி. மைக் செட்டும் இசைக்கருவிகளும் வாடகைக்கு விடுகிறவர். கோபம் வந்தால் வேட்டியை மடித்துக் கட்டுவார். அன்று மடித்துக் கட்டியிருந்தார்.

ஸ்டீபன். வேன் ஓட்டுவான், சாமான் ஏற்றுவான், இறக்குவான். எங்கே இறக்கினோம் என்பதை மறப்பான்.

பார்சல் கொண்டுவந்த ஆள். கையெழுத்து வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்றார்.

நான். தங்கம். ஸ்டோர் பார்க்கிறவள். எது வெளியே போகிறது, எது திரும்பி வருகிறது என்று பார்ப்பது என் வேலை.

பிறகு மூன்று மரப்பெட்டிகள். ஒன்று பெரிது, ஒன்று நடுத்தரம், ஒன்று சிறிது.

மூன்றும் காலி.

பழைய ஆட்கள் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டீர்கள். நான் எட்டாம் வகுப்பு. பேசுவதே குறைவு. ஆனால் இந்தப் பெட்டிக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். ஸ்டீபன் சொல்லும் கதையில் ஸ்டீபன் மீது ஒரு தப்பும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முட்டத்துக்காரன் அருளப்பன் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறான். பயணிகள் கப்பல். அதில் பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. அவன் ஒரு மாதம் முன்பே முதலாளிக்குப் போன் செய்திருந்தான். பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைத்திருக்கிறேன், அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு கச்சேரி, கியூபாவிலிருந்து மூன்று மேளம் பார்சலில் வரும், எங்கள் வீட்டில் பூச்சு வேலை நடக்கிறது, ஈரம், உங்கள் குடோனில் வையுங்கள் என்றான். முதலாளி சரி என்று சொல்லிவிட்டார்.

வந்தது பெட்டி. முதலாளி பெரிய பெட்டியின் ஓட்டைக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினார். மற்ற இரண்டையும் நிமிர்த்திப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரு பக்கம் திறப்பு. உள்ளே வைக்கோல்கூட இல்லை.

போன் போட்டார்.

"அண்ணாச்சி, பார்சல் வந்துதா?"

"பெட்டி வந்துது. மேளம் வரல்ல."

"பெட்டிதான் அண்ணாச்சி மேளம்."

"அது சரி. மேளம் எங்க?"

"பெட்டியேதான் மேளம்."

முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். "கப்பல்லயே கெடந்து பயலுக்குத் தலைக்குச் சரியில்ல" என்றார்.

பார்சல்காரர் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். "இதுல பெட்டின்னுதான் எழுதியிருக்கு. பெட்டி தந்தாச்சு. பிறகு என்ன?"

ஸ்டீபன் சின்னப் பெட்டியைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தான். "யக்கா, இதுக்கு மூடி இல்ல. வழியில பேந்து போயிருக்கும்."

முதலாளிக்கு இது புரிந்தது. உடைந்த சாமான் என்றால் அவருக்குச் செய்யத் தெரியும். பக்கத்துக் கடை ஆசாரியைக் கூப்பிட்டார். ஆசாரி பிளைவுட்டும் சுத்தியலுமாக வந்து அளவெடுத்தார். ஆணியை வாயில் வைத்துக்கொண்டு முதல் அடிக்குக் கையை ஓங்கினார்.

"கேட்டுட்டு அடிப்போம்" என்றேன்.

கேட்டோம். போனில் அருளப்பன் போட்ட சத்தத்தில் ஆசாரி ஆணியைத் துப்பிவிட்டார்.

"ஆணி அடிச்சா நான் இங்கேர்ந்து கடல்ல சாடிருவேன்! அண்ணாச்சி, பெரிய பெட்டி மேல ஏறி இருந்து தட்டணும். மத்த ரெண்டையும் கால்முட்டுக்கு இடையில வச்சு மேல் பலகையில தட்டணும். சத்தம் கீழ வழியா வெளிய போவும். அதுக்குத்தான் அடியத் திறந்து போட்டிருக்கு."

எங்களுக்கு ஒரு பெட்டி மேளம் ஏற்கெனவே தெரியும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயில் பாடகர் குழுவில் பையன் மேலே ஏறி உட்கார்ந்து முன்பலகையைத் தட்டுவானே, பின்னால் வட்ட ஓட்டை இருக்குமே, கஹோன். எங்களிடம் இரண்டு இருந்தன. ஒருமுறை ஒரு கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்துக்கு அனுப்பினோம். வாசித்தவன் ஓட்டை ஆட்கள் பக்கம் தெரிய வைத்துவிட்டு காபி குடிக்கப் போனான். திரும்பி வந்து தட்டினால் உள்ளே சரசரவென்று கேட்கிறது. கரப்பான் என்று நினைத்துக் கவிழ்த்தான். பூராவும் ஜெப விண்ணப்பச் சீட்டு. ஓட்டையைப் பார்த்தால் மனிதன் எதையாவது போடுவான். மேடையில் சாமான் வைக்கும்போது எந்தப் பக்கம் யாரைப் பார்க்கிறது என்று பாருங்கள். அந்தச் சீட்டையெல்லாம் பாஸ்டரிடம் கொடுத்தோம்.

ஆகவே பெட்டியும் மேளமாகலாம் என்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் கருவாட்டுப் பெட்டி மாதிரியே ஒரு பெட்டி மேளமாகும் என்பது புதிது.

அருளப்பன் இன்னொன்றும் சொன்னான். அதை என்னிடம்தான் சொன்னான்.

"யக்கா, பெருசும் நடுவும் போனாலும் பரவாயில்ல. அந்தச் சின்னது மட்டும் பத்திரம். லாசரோன்னு என் கூட்டுக்காரன். கப்பல் பாண்டுல தட்டுகவன். அது அவன் அப்பன் தட்டின பெட்டி. அப்பன் செத்த பிறகு வேற ஆளு தொட அவன் விட்டதில்ல. என்னை நம்பித் தந்திருக்கான். பிள்ளைக்கு அவன்தான் ஞானத்தகப்பன். அது போச்சுன்னா நான் அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

துணி சுற்றி மேல் தட்டில் வைத்தேன்.

இப்போது எங்கள் கடை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைச் சாமான் எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைப்போம். மைக்குக்குப் பொட்டு. ஸ்டாண்டுக்குப் பொட்டு. வேலை முடிந்ததும் பொட்டு வைத்ததை மட்டும் பொறுக்கி வேனில் போட்டால் போதும். பொட்டு இல்லாதது காலி. அட்டைப்பெட்டி, சாக்கு, மரப்பெட்டி, எதுவானாலும் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு வருவோம். வேனில் இடம் மிச்சம். நல்ல வழக்கம்தான். ஊரான் சாமானை வைத்துக்கொண்டு அந்த வழக்கம் நடக்கக் கூடாது. அருளப்பன் சாமானுக்கு நாங்கள் எப்படிப் பொட்டு வைப்போம்?

ஞானஸ்நானத்துக்கு இரண்டு வாரம் முன்பு, என் நாத்தனார் வீட்டில் ஒரு சாவு. இரண்டு நாள் நான் இல்லை. அந்த இரண்டு நாளில் முட்டத்தில் ஒரு வேலை வந்தது. முதலாளி ஸ்டீபனிடம் போனில், "ஸ்டோர்ல ஒரு சின்னப் பெட்டி கெடக்கும், வயரையெல்லாம் அதுல போட்டுக் கொண்டு போ" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது எங்கள் பிளைவுட் பெட்டியை. ஸ்டீபன் மேல் தட்டில் இருந்ததை எடுத்தான்.

அருளப்பனும் லாசரோவும் வரும் நாளில், மத்தியானம் சோறு தின்றுவிட்டு வந்து துணியை எடுத்துப் பார்த்தேன். துணி மட்டும் இருந்தது. மடித்து வைத்திருந்தான். அந்தமட்டில் நல்ல பையன்.

"ஏலே ஸ்டீபா, பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"அருளப்பனுக்க மேளம்."

"மேளத்த நான் தொடல்லியேக்கா. முதலாளி பெட்டின்னுதான் சொன்னாரு. பெட்டியத்தான் எடுத்தேன்."

"இப்ப எங்க?"

"முட்டத்துல. வயர எடுத்துட்டு அங்க வச்சுட்டு வந்தேன். பொட்டு இல்லல்லா?"

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். நான் வேனில் ஏறினேன். கோபப்படுவது வந்து செய்யலாம். ரயில் வருவதற்குள் பெட்டி வேண்டும். அவர்கள் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, ரயில் ஏறி, சாயங்காலம் இரணியலில் இறங்குகிறார்கள்.

முட்டத்தில் மீன் இறங்கும் இடத்துக்குப் போனோம். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் பெட்டி, தெர்மோகோல் பெட்டி. மரப்பெட்டி எல்லாம் பின்னால் கருவாட்டுக் கொட்டகையில் கிடந்தது. கூரை முட்டக் கிடந்தது. ஸ்டீபன் அங்கேதான் எங்கேயோ வைத்தானாம். எங்கே என்று கேட்டால் கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினான். அந்த வட்டத்தில் கலங்கரை விளக்கமும் வந்தது.

அருளப்பனுக்குப் போன் செய்தேன். உள்ளதைச் சொன்னேன். பிறகு மெதுவாகப் பேசினான்.

"யக்கா, அவன் பக்கத்துல இருந்து பழம்பொரி திங்குதான். நான் சிரிச்சிக்கிட்டே பேசுதேன், தப்பா நினைக்காதிய. நெய்யாற்றின்கரை தாண்டியாச்சு. நல்லாக் கேளுங்க. அந்தப் பெட்டியில மோந்து பாத்தா மீன் வாடை அடிக்கும். அங்க கருவாடு வந்த பெட்டியிலதான் மேளம் செய்வாங்க."

"நான் முட்டத்துல கருவாட்டுக் கொட்டகையில நிக்கேன் மக்கா" என்றேன்.

"ஓ" என்றான்.

ஸ்டீபன் அதற்குள் நாலைந்து பெட்டியை மோந்துவிட்டு வெளியே போய்த் தும்மினான்.

ரயில் பாறசாலை வந்ததும் அருளப்பன் மறுபடி கூப்பிட்டான். "சைடுல எழுத்து இருக்கும் யக்கா." எல்லாப் பெட்டியிலும் எழுத்து இருந்தது. ஆப்பிள் கம்பெனி, சோப்புக் கம்பெனி, ஒன்றில் 'கவனம் கண்ணாடி'. குழித்துறையில் கூப்பிட்டான். "கை பட்டுப் பட்டு மேல் பலகை வழுவழுன்னு இருக்கும்." மீன்காரி கை படாத பெட்டி முட்டத்தில் ஏது? எல்லாம் வழுவழு.

கொட்டகை வாசலில் நின்று இதையெல்லாம் ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் பிரகாசி. மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். அவள் குரலுக்கு மைக் வேண்டாம். எங்கள் தொழிலுக்கு எதிரி.

"என்னத்தத் தேடுதிய? நானும் நேரமாப் பாக்கேன், ரெண்டு பேரும் பெட்டிய மோந்து மோந்து வைக்கிய."

"மேளம் ஒண்ணு காணல்ல" என்றான் ஸ்டீபன்.

"மேளமா? இங்க எவன் மேளம் கொண்டு வந்தான்? சாளையும் அயிலையும் கொண்டு வருவான். ஏலே, மேளத்த யாராவது பாத்தியளா?" என்று கத்தினாள். கடற்கரை முழுக்கக் கேட்டது. யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டார்கள். முதலில் நாங்கள் பெட்டிக்குள் மேளத்தைத் தேடினோம். இப்போது ஊர் பூரா மேளத்தைத் தேடச் சொல்கிறோம்.

"பெட்டிதான்" என்றேன். "சின்னது. இடுக்கே இல்லாம இறுக்கிச் செஞ்சது."

"இடுக்கு இல்லாத பெட்டியில என்னத்த மீனு போட? தண்ணி வடியாது. நாறிப் போவும். அந்தமாரிப் பெட்டிய இங்க ஒருத்தியும் தொட மாட்டா."

எனக்கு முன்னால் ஸ்டோர் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். காணாமல் போன சாமான் எங்கேயும் ஓடியிருக்காது, வேறு வேலைக்குப் போயிருக்கும் என்பார். அவர் தேடிய டார்ச் விளக்கு ஒருமுறை ஒரு வீட்டில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தது. அது ஞாபகம் வந்தது.

மீன் பெட்டிக் கூட்டத்தில் நின்று தேடுவதை விட்டேன். வாசலில் உட்கார்ந்தேன். ஸ்டீபன் பதறினான். ரயில் வந்துருமே யக்கா என்றான். வரட்டும் என்றேன். நீங்களும் அவசரத்தில் கொஞ்சம் உட்காருங்கள். நின்றுகொண்டு யோசித்தால் கால்தான் யோசிக்கும்.

இடுக்கு இல்லாத பெட்டி. தண்ணி வடியாது. அப்படியென்றால் மணலும் ஒழுகாது. மணல் ஒழுகாத சின்னப் பெட்டி ஒரு வீட்டில் எதற்கு ஆகும்?

"இங்க யாரு வீட்டுலயாவது கோழி அடை வச்சிருக்கா?" என்று கேட்டேன்.

பிரகாசி அதுவரை எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். இதற்குச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"எதுக்குக் கேக்கிய?"

"சும்மா."

"சும்மா ஒருத்தரும் அடைக்கோழியப் பத்திக் கேக்க மாட்டாவ."

அவள் வீட்டுப் பின்பக்கம் போனோம். வேலிக்கு அடுத்த பக்கம் அருளப்பன் வீடு. சிமென்ட் மூட்டை தெரிந்தது. இந்தப் பக்கம் விறகுக்கூரைக்குக் கீழே பெட்டி. திறந்த பக்கம் மேலே. உள்ளே மணல், அதன் மேல் வைக்கோல், அதன் மேல் ஒரு சிவப்புக் கோழி. கழுத்தை நீட்டி ஸ்டீபனைப் பார்த்தது. ஸ்டீபன் ஒரு எட்டு பின்னால் வைத்தான்.

"அன்னைக்கு இவன்தான் தந்தான்" என்றாள் பிரகாசி. "'வேணுமா யக்கா, காலிதான்'ன்னான். நானா கேட்டேன்?"

"கோழிய வேற பெட்டிக்கு மாத்துவோம்" என்றான் ஸ்டீபன்.

"தொட்டுப் பாரு! பதிமூணு முட்டை வச்சிருக்கேன். ஒத்தைப்படையாப் பாத்து வச்சது. இனி ஒரு வாரம்தான். இப்ப அசைச்சா கோழி அடைய விட்டு எறங்கிரும். எறங்கினா பதிமூணும் கூமுட்டை. எல்லாம் பொரிச்சு எறங்கட்டும், பெட்டிய நானே கொண்டு தாறேன்."

முதலாளிக்குப் போன் செய்தேன். "தூக்கிக்கிட்டு வா. கோழிக்கு என்ன விலையோ குடுத்திரலாம்" என்றார். கோழி விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். வேட்டி மடிக்கும் சத்தம் போனில் கேட்டது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பிரகாசி ஏலத்துக்குப் போகும் நேரம் பார்த்துத் தூக்கிவிடலாம். ஸ்டீபன் அதைத்தான் சொன்னான். ஒருவன் சாமானைத் தொலைத்துவிட்டு அதை மீட்க இன்னொருத்தி சாமானைக் கெடுப்பது எங்கள் கடை வேலை இல்லை. உள்ளதைச் சொல்வது என்று முடிவெடுத்தேன். அதற்குள் போன் அடித்தது. இரணியல் வந்துவிட்டார்கள்.

"யக்கா, கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"மாதாவே! கொண்டு வாங்க, கொண்டு வாங்க."

"எடுக்க முடியாது. ஆளு இருக்கு உள்ள."

"பெட்டிக்குள்ளயா? யாரு?"

"கோழி."

ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஸ்டீபன் போய் அவர்களை வேனில் கூட்டி வந்தான். லாசரோ நல்ல உயரம். வேனில் எங்கள் கடைக் கஹோன் ஒன்று கிடந்தது. வரும் வழியில் அதைத் தட்டிப் பார்த்தாராம். அவர் சொன்னதை அருளப்பன் எனக்கு அப்படியே சொன்னான். "இது பெரு நாட்டுக்காரன். எங்களுக்குச் சித்தப்பா மகன் முறை. நல்லவன்தான். ஆனா எங்க வீட்டு ஆளு இல்ல."

அருளப்பன் அவரிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. கோழி முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிரகாசி பெட்டிக்கும் லாசரோவுக்கும் நடுவில் நின்றாள். மேளக்காரன் வருகிறான் என்று கேட்டதுமே வைக்கோலுக்குள் இன்னொரு இரும்பாணி சொருகியிருந்தாள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அடையில் இரும்பும் கரியும் போடுவார்களே, அந்தக் கணக்கில்.

லாசரோ குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அருளப்பன் அவர் பாஷையில் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினான்.

லாசரோ சிரித்தார். சத்தமே வராமல் வயிறு மட்டும் குலுங்கியது. பிறகு மண்ணிலேயே உட்கார்ந்து பேசத் தொடங்கினார். அருளப்பன் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம்.

அவர் ஊரும் துறைமுகமாம். மத்தான்சாஸ் என்று பெயர். அடிமைகளாகக் கொண்டுபோன ஆட்கள் தோல் மேளம் தட்டக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஆட்சியில் இருந்தவர்கள் தடை போட்டார்களாம். சுமை தூக்குகிறவர்கள் கப்பலில் கருவாடு வந்த பெட்டியைத் தட்டினார்கள். வீட்டில் அலமாரி இழுப்பறையைத் தட்டினார்கள். போலீஸ் வந்து மேளம் எங்கே என்று கேட்கும். உள்ளே கையை விட்டுத் துழாவும். ஒன்றும் இருக்காது. கருவாட்டுப் பெட்டி என்று சொல்வார்கள். போலீஸ் போய்விடும். மறுபடி தட்டுவார்கள். பார்த்தால் பெட்டி என்று தெரிய வேண்டும், அதுதான் அதன் சாமர்த்தியம் என்றார்.

லாசரோ ஸ்டீபனைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுகாரு?" என்றான் ஸ்டீபன்.

"போலீசும் உன்ன மாதிரிதான் பாத்துதாம்" என்றான் அருளப்பன். "உன்னையும் ஏமாத்தியிருக்குன்னா அப்பன் பெட்டி இன்னும் நல்லாத்தான் வேலை செய்யிதாம்."

இன்றைக்கும் ஸ்டீபன் அதைப் பாராட்டு என்றுதான் சொல்லித் திரிகிறான்.

இன்னொன்றும் தெரிந்தது. பெரியதும் நடுவும்தான் கருவாட்டுப் பெட்டிப் பலகையில் செய்தது. சின்னது மெழுகுதிரி வந்த பெட்டியாம். மீன் வாடையே வராதாம். ஸ்டீபன் அருளப்பனைப் பார்த்தான். அவன் மூக்கு இன்னும் சிவந்துதான் இருந்தது. "எனக்கு மறந்து போச்சு மக்கா" என்றான் அருளப்பன்.

லாசரோ பிரகாசியிடம் கையை நீட்டினார். கப்பலில் அருளப்பனின் சமையல்கட்டில் கற்ற தமிழ் மூன்று வார்த்தை அவருக்குத் தெரியும். சூடு, போதும், கொஞ்சம். முட்டையைக் காட்டி "சூடு" என்றார். பிரகாசி கையைக் கொடுத்தாள். எல்லாம் பொரித்து இறங்கிய பிறகு பெட்டி. அதுவரை அங்கேயே. அவருக்குத் திரும்பிப் போக அடுத்த சனிக்கிழமை காலை ரயில்.

மறுநாள் ஞானஸ்நானம். சாயங்காலம் கச்சேரி. அதில் இரண்டு சிக்கல். சின்ன மேளம் இல்லை. இருக்கிற மேளமும் கோழி காதில் விழக் கூடாது என்றாள் பிரகாசி.

முதல் சிக்கலை லாசரோ பார்த்தார். கருவாட்டுக் கொட்டகையில் ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிக்கொண்டே போய் ஒன்றை எடுத்தார். 'கவனம் கண்ணாடி'. இடுக்கில் ஸ்டீபன் பிரவுன் டேப் ஒட்டினான். இரண்டாவதை நான் பார்த்தேன். மேடையைக் கோழிக்கு முதுகு காட்டிப் போட்டு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கடல் பக்கம் திருப்பி, ஆட்களைப் பாறைப் பக்கம் உட்கார வைத்தேன்.

"கடலுக்கா பாட்டு போடுதோம்?" என்றார் முதலாளி.

"கடல் ஒண்ணும் சொல்லாது. பிரகாசி சொல்லுவா" என்றேன்.

நன்றாகத்தான் நடந்தது. பெரிய பெட்டி மேல் அருளப்பன் ஏறி இருந்து ஒரே தட்டைத் தட்டினான். நடுப்பெட்டி கோயில் பாடகர் குழுப் பையனுக்கு. லாசரோ கருவாட்டுப் பெட்டியை முட்டுக்கு நடுவில் வைத்து, சண்டை பிடிக்கிற மாதிரியும் கொஞ்சுகிற மாதிரியும் மாறி மாறித் தட்டினார். பெட்டி சூடாகச் சூடாக வாடை கிளம்பியது. ஊர்ப் பூனை எல்லாம் முன்வரிசைக்கு வந்துவிட்டது. பிரகாசி கச்சேரிக்கு வரவில்லை. கோழி பக்கத்தில் காவல் இருந்தாள். ஆனால் விரலால் விறகுக் கட்டையில் தாளம் போட்டதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார்.

அந்த வாரம் லாசரோ தினமும் காலையில் போய்க் கோழியைப் பார்த்தார். கோழியும் அவரைப் பார்த்தது. ஊரில் லாசர் என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பொரிக்கத் தொடங்கியது. சனிக்கிழமை காலையில் நாங்கள் வேனோடு போனபோது பன்னிரண்டு குஞ்சு. ஒரு முட்டை மிச்சம். ஓட்டில் கீறல் விழுந்திருந்தது. குஞ்சு வெளியே வரவில்லை.

அருளப்பன் மணியைப் பார்த்தான். வழியில் திங்கள்நகரில் நெரிசல் இருந்தால் ரயில் கிடைக்காது. "பிரகாசியக்கா, ஒண்ணுதானே? எடுத்துக்கிடட்டா?"

"எல்லாம்னுதான் கைகுடுத்தான். பன்னெண்டுன்னு குடுக்கல்ல."

லாசரோ கைப்பையைக் கீழே வைத்தார். மண்ணில் உட்கார்ந்தார். ரயில் போனால் போகட்டும் என்பது அவர் பாஷை தெரியாத எனக்கே புரிந்தது. அருளப்பன் பிரகாசியிடம் கெஞ்ச, ஸ்டீபன் வேனை ஸ்டார்ட் செய்து நிறுத்த, மறுபடி ஸ்டார்ட் செய்ய, கோழி மட்டும் நிதானமாக இருந்தது.

பிரகாசி முட்டையைப் பார்த்தாள். லாசரோவைப் பார்த்தாள். வைக்கோலுக்குள் கையை விட்டு ஆணிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள்.

"தட்டு" என்றாள்.

நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"தட்டச் சொல்லுடே. அவன் அப்பன் பெட்டிதானே? மெதுவாத் தட்டட்டும்."

லாசரோ விரலை மட்டும் மடக்கி, பெட்டியின் பக்கப் பலகையில் வைத்தார். "கொஞ்சம்?" என்று கேட்டார்.

"கொஞ்சம்" என்றாள்.

தட்டினார். மழை தொடங்கும்போது ஓட்டில் விழுமே, அவ்வளவு சத்தம்தான். கோழி தலையைச் சாய்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஸ்டீபன் வேனை நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

தட்டியதால் வந்ததா, வருகிற நேரத்தில் தட்டினாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் ஸ்டோர் பார்க்கிறவள். வெளியே வந்ததை எண்ணுவதுதான் என் வேலை. பிரகாசி கோழியைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடைக்கு மாற்றினேன். லாசரோ அவர் பாஷையில் எண்ணினார், நான் தமிழில் எண்ணினேன்.

பதிமூன்று.